மேடை நம்முடையது, கொட்டகை ஊருடையது



வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தின் பொதுக்குழு கூடுகிறது. அதில் வைக்கச் சொல்லி இளைஞர் பிரிவுத் தோழர்கள் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்ற தேர்தலின்போது ஒரு நகைச்சுவை நடிகர் ஒரு கட்சியின் மேடையில் ஏறினார். பணி நிரந்தரம் கேட்டு வீதியில் உட்கார்ந்த துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "குப்பை அள்ளுறதுக்கும் பென்ஷன் வேணுமாம்" என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அந்தப் பேச்சு கைபேசி வழியாக நம் குடியிருப்புகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

பெங்களூரில் விடியற்காலை ஐந்து மணிக்குத் துடைப்பம் எடுக்கிற கைகள் நம் சங்கத்தில் எத்தனை இருக்கின்றன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் கேட்டார்கள். கோபம் வந்தது. வரவேண்டிய கோபம்தான். வராமல் இருந்திருந்தால் சங்கம் என்ற பெயரையே எடுத்துவிடலாம்.

தீர்மானத்தில் மூன்று பகுதிகள் உள்ளன. ஒன்று, அந்த நடிகரை வருகிற பொங்கல் விழாவுக்கு அழைப்பதென்று முன்பு பேசியிருந்ததைக் கைவிடுவது. இரண்டு, அவர் நடித்த படத்தை உறுப்பினர் குடும்பத்தார் யாரும் பார்க்கக் கூடாது. பார்ப்பவர்களைச் சங்கத்திலிருந்து நீக்குவது. மூன்று, படம் வெளியாகும் நாளில் கொட்டகை வாசலில் திரண்டு நின்று காட்சியை நிறுத்துவது.

முதல் பகுதியை இந்த ஏடு முழுமனதோடு ஆதரிக்கிறது. மற்ற இரண்டையும் அதே முழுமனதோடு எதிர்க்கிறது. இது வழுக்கல் நிலை, நடுவில் நிற்கும் நிலை என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். பொறுமையாகப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

யார் கண்ட ஆயுதம் இது?

'பாய்காட்' என்று இன்று உலகம் முழுவதும் சொல்கிறார்களே, அது ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் பாய்காட். 1880-ல் குத்தகை விவசாயிகள் குத்தகையைக் குறைக்கக் கேட்டார்கள். அவர் குடிகளை வெளியேற்றப் பார்த்தார். ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. அறுவடைக்கு ஆள் போகவில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து சுமார் 50 ஆட்களைக் கொண்டுவந்து, ஆயிரம் பேர் அளவுக்குப் படையும் போலீசும் காவல் நிற்க, அறுவடை நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாய்காட் அயர்லாந்தைவிட்டே போய்விட்டார். இங்கே 'வெளியூர் ஆள்' என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். போராட்டத்தை உடைக்க முதலாளி தேடுவது எப்போதும் நம்மைப் போல ஊர்விட்டு வந்தவனைத்தான்.

ஆக, புறக்கணிப்பு என்பது நிலமில்லாதவனும் கூலிக்காரனும் கண்ட ஆயுதம். அமெரிக்காவில் மாண்ட்காமெரி நகரத்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பரில் அதை எடுத்தார்கள். தொடங்கிவைத்தவர் ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளிப் பெண்மணி. 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள். பஸ்ஸில் நிறப்பாகுபாடு ஒழிந்தது; மறுபடி ஏறினார்கள்.

கலைஞர்களைப் புறக்கணித்த கதையும் உண்டு. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடிப் பாட வேண்டாம் என்று உலகக் கலைஞர்களை ஐ.நா. பொதுச்சபை கேட்டுக்கொண்டது. மீறிப் போனவர்களின் பெயர்களை 1983 முதல் பட்டியலாக வெளியிட்டது. இனிமேல் போகமாட்டேன் என்று உறுதி கொடுத்தவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுத்தும்விட்டது.

இந்த மூன்று போராட்டங்களுக்கும் பொதுவான மூன்று குணங்கள் உண்டு. கேட்பது என்ன என்று தெளிவாக இருந்தது. அடி, விழவேண்டியவர் மேல் விழுந்தது. கேட்டது கிடைத்தால் முடித்துக்கொள்ள ஒரு வாசல் திறந்திருந்தது. இம்மூன்றும் இருந்தால் அது புறக்கணிப்பு. இல்லாவிட்டால் அது வெறும் பழிவாங்கல்.

ஆள்வோர் கைக்குப் போனால்

இதே ஆயுதத்தை ஆள்பவர்கள் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். அமெரிக்கப் பாடகர் பால் ராப்சன் தொழிலாளர் பக்கம் நின்றார், நிறவெறியைக் கண்டித்தார். 1950-ல் அவருடைய பாஸ்போர்ட்டை அரசாங்கம் பறித்துக்கொண்டது. 1958 வரை அவர் வெளிநாடு போய்ப் பாட முடியவில்லை. உள்நாட்டிலும் மேடைகள் மூடப்பட்டன. நம் நாட்டில் அவசரநிலைக் காலத்தில், ஆட்சியின் பிரசார நிகழ்ச்சிகளுக்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்காக, 1976-ல் கிஷோர் குமாரின் பாட்டுகளை அகில இந்திய வானொலியில் நிறுத்திவைத்தார்கள்.

தமிழ்நாட்டில் எம்.ஆர். ராதாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நாடகம் பலருக்குப் பிடிக்கவில்லை. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வரவேண்டாம் என்று அவரே விளம்பரம் செய்தார். அதற்குமேல் ஒரு நாடகக்காரன் என்ன செய்ய முடியும்? பிடிக்காதவன் வராமல் இருந்திருக்கலாம். அது அவன் உரிமை. ஆனால் பார்க்க விரும்புகிறவனும் பார்க்கக் கூடாது என்றார்கள். 1954-ல் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின் தடை செய்யும் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல 2013 வரை ஆயிற்று.

'நான் பார்க்கமாட்டேன்' என்பது ஒன்று. 'நீயும் பார்க்காதே' என்பது முற்றிலும் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கோடுதான். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு, தொழிலாளியின் ஆயுதம் ரௌடியின் ஆயுதமாகிவிடுகிறது.

நம் முதுகில் விழுந்தவை

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. நம் விஷயத்தில் அது தலைகீழ். கூத்தாடி ஒரு வார்த்தை பேசினால் ஊர் இரண்டுபடுகிறது; அகப்பட்டுக்கொள்வது நாம்.

1968-ல், சென்னையில் இந்திப் படங்களை எதிர்க்கிறார்கள் என்று சொல்லி, சென்னையில் தயாரான இந்திப் படங்களை பம்பாயில் ஓடவிடாமல் சிவசேனை தடுத்தது. அதே காலத்தில்தான் அங்கே தமிழர் கடைகளிலும் தமிழர் வேலைகளிலும் கை வைத்தார்கள். படத்துக்கு ஒரு கல், இட்லிக் கடைக்கு ஒரு கல். இரண்டையும் எறிந்தவன் ஒருவனே.

நம் ஊருக்கு வருவோம். 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி நடந்த கலவரத்தை எழுதுகிற நானே பார்த்தேன். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. மூட்டை முடிச்சோடு ரயில் நிலையத்தில் குவிந்த ஜனங்களுக்கு என் அம்மா அண்டாவில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். எங்கள் வீட்டு வாசலில் இரண்டு இரவு காவல் நின்றவர், அடுத்த வீட்டுக் கன்னடத்துப் பெரியவர். இரண்டையும் நான் மறக்கமாட்டேன். 2000 ஜூலையில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். 108 நாட்கள் அவர் காட்டில் இருந்தார். அத்தனை நாளும் இங்கே தமிழ்ப் படம் இல்லை. அதைவிடப் பெரியது, தமிழ் பேசிக்கொண்டு பஸ்ஸில் போக நம் பெண்கள் பயந்தார்கள் என்பது.

2008-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்காகச் சென்னையில் திரையுலகத்தார் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதில் பேசிய ரஜினிகாந்த், அந்த ஆண்டே தன் படம் இங்கே வெளிவருவதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. காவிரிக்காக சத்யராஜ் பேசிய பேச்சு ஒன்பது வருஷம் கழித்து, 2017-ல், 'பாகுபலி'யின் இரண்டாம் பாகம் வெளியாகும் நேரத்தில் கிளறி எடுக்கப்பட்டது. இடையில் வந்த அவருடைய படங்களையெல்லாம் இங்கே யாரும் தடுக்கவில்லை. பெரிய படம் வந்ததும் பழைய கோபம் நினைவுக்கு வந்தது. அவர் அந்தப் படத்தில் வேலைக்குப் போன ஒரு நடிகர்தான், படத்தைத் தண்டிக்காதீர்கள் என்று அதன் இயக்குநர் கன்னடத்திலேயே வேண்டிக்கொண்டார். சத்யராஜ், தன் வார்த்தைகளுக்கு வருத்தம் சொன்னார். தமிழ் மக்களுக்காகப் பேசுவதை நிறுத்தமாட்டேன் என்றும் சேர்த்தே சொன்னார்.

2018-ல் 'காலா' வந்தது. தாராவியில் நிலத்துக்காகப் போராடும் திருநெல்வேலித் தமிழர்களின் கதை. நம்மைப் போன்றவர்களின் கதை. காவிரி பற்றி ரஜினிகாந்த் சொன்ன கருத்துக்காக இங்கே அதைத் திரையிடுவதில்லை என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை முடிவெடுத்தது. நீதிமன்றம் தலையிட்டது. 2025-ல் தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்று கமல்ஹாசன் பேசியதற்காக 'தக் லைஃப்' நிறுத்தப்பட்டது. அந்தக் கருத்தை மொழியியல் அறிந்தவர்கள் ஏற்கமாட்டார்கள். இரண்டும் ஒரு தாய் வயிற்று மொழிகள் என்பதே அவர்கள் சொல்வது. ஆனால் கருத்து தவறென்றால் மறுத்துப் பேச வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தைத் திரையிடக் கூடாது என்று கும்பல் முடிவுசெய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஜூன் மாதம் சொன்னது.

இந்த ஒவ்வொரு முறையும் இந்த ஏடும் நம் சங்கமும் என்ன சொன்னோம்? 'பிடிக்காவிட்டால் பார்க்காதே, மற்றவனைத் தடுக்க நீ யார்?' என்று கேட்டோம். சரியாகவே கேட்டோம். இன்று நமக்குப் பிடிக்காத நடிகர் வந்தவுடன் அதே கொட்டகை வாசலில் நாம் போய் நின்றால், நாளை நம் கேள்வியையே நம் முகத்தில் திருப்பி எறிவார்கள். பதில் இருக்காது. இந்த ஊரில் நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். கும்பல் பலம் என்ற ஆட்டத்தில் நாம் ஒருநாளும் ஜெயிக்க மாட்டோம். நியாயம் என்ற ஒன்றுதான் நமக்கிருக்கும் முதல். அதைச் செலவழித்துவிடக் கூடாது.

நம்மவர் கையும் சுத்தமில்லை

தவறு மற்றவர்களுடையது மட்டும் என்று எழுதினால் அது பொய். 1956-ல் சிவாஜி கணேசன் திருப்பதிக்குப் போய்வந்தார் என்பதற்காக, நேற்றுவரை அவரைத் தோளில் தூக்கியவர்கள் சுவரொட்டி ஒட்டி ஏசினார்கள். 2020-ல் கிரிக்கெட் வீரர் முரளிதரனின் வாழ்க்கைப் படத்தில் நடிக்க விஜய் சேதுபதி ஒப்புக்கொண்டதை எதிர்த்துத் தமிழ்நாட்டில் குரல் எழுந்தது. ஈழத்தில் நடந்ததை நெஞ்சில் சுமப்பவர்கள் அவரைக் கேட்டுக்கொண்டதில் தவறில்லை. நியாயமான வேண்டுகோள் அது. முரளிதரனே கேட்டுக்கொள்ள, அவர் விலகினார். ஆனால் அதற்குள் அவர் வீட்டுக் குழந்தையைக் குறித்து இணையத்தில் ஒருவன் வாய்கூசும் மிரட்டல் எழுதினான். போலீஸ் வழக்குப் பதிந்தது. இனப்பற்று என்ற பெயரில் குழந்தையை மிரட்டுகிறவன் எந்த இனத்துக்கும் உதவாதவன். படமோ வேறு நடிகரைக் கொண்டு 2023-ல் வெளிவந்துவிட்டது.

என் தகப்பனாரின் கணக்கு

சொந்தக் கதை ஒன்று சொல்ல அனுமதியுங்கள். 1974 மே மாதம் நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது வேலை இழந்து, 1977-க்குப் பிறகு திரும்பச் சேர்ந்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். அவர் சிவாஜி ரசிகர் என்றால் சாதாரண ரசிகர் அல்ல. கட்டபொம்மன் வசனத்தை லோகோ ஷெட்டில் நின்று முழங்கியவர். சிவாஜி காமராஜர் பக்கம் இருந்தவரை அவருக்குச் சங்கடமில்லை. காமராஜர் மறைந்த பிறகு சிவாஜி இந்திரா காங்கிரஸுக்குப் போனார். வேலைநிறுத்தத்தை அடக்கியது அந்த ஆட்சிதான். அன்றிலிருந்து சிவாஜி படத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவதில்லை என்று தகப்பனார் வைராக்கியம் எடுத்தார்.

ஆனால் அம்மாவைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. டிக்கெட்டுக்குக் காசு அம்மாவின் சேமிப்பு. போவது அம்மாவின் இஷ்டம். திரும்பி வந்ததும், "எப்படி நடிச்சிருக்கார்?" என்று மட்டும் கேட்பாராம். 2001 ஜூலையில் சிவாஜி காலமான செய்தி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. நான் கேட்டேன், "ஏம்பா, நீதான் அவர் படமே பார்க்கிறதில்லையே?" தகப்பனார் சொன்னார்: "அவர் நடிப்புமேல எனக்கு என்னடா கோபம்? அவர் போய் உட்கார்ந்த இடந்தான் எனக்கு ஆகல. என் காசு அந்த இடத்துக்குப் போகக் கூடாதுன்னு இருந்தேன். அவ்வளவுதான்."

எட்டாம் வகுப்புப் படித்த மனிதர் சொன்னதைவிடத் தெளிவாக இதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் காசுக்கு அவர் காவல் போட்டார். அடுத்தவர் கண்ணுக்குக் காவல் போடவில்லை.

உறுப்பினரை நீக்குவதா?

தீர்மானத்தின் இரண்டாம் பகுதிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. சென்ற வாரம் சந்தா வாங்கப் போனபோது, கார்மென்ட்ஸில் வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்டார்: "அண்ணே, ஆறு நாள் மெஷின்ல குனிஞ்ச முதுகு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த ஆளு டிவியில வந்தா என் பிள்ளைங்களோட உட்கார்ந்து சிரிக்கிறேன். அவன் பேசினது அக்கிரமம்தான். அதுக்காக என் சிரிப்பையும் சங்கத்துல எழுதிக் கொடுக்கணுமா?"

அவர் கணவர் இறந்தபோது ஈமச்செலவுக்குப் பணம் திரட்டியது நம் சங்கம். ரேஷன் கார்டுக்கு அலைந்தது நம் சங்கம். நாளைக்கு அவர் வேலையைவிட்டு நிறுத்தப்பட்டால் அவருக்காக நிற்க வேண்டியதும் நம் சங்கம். ஒரு சினிமாப் பார்த்ததற்காக அவரை வெளியே தள்ளிவிட்டு யாருக்காக நாம் போராடப் போகிறோம்? யார் என்ன படம் பார்த்தார் என்று வீட்டுக்கு வீடு எட்டிப்பார்க்க ஆள் போடுவோமா? நடிகருக்கு இதனால் ஒரு ரோமமும் உதிராது. அவர் சம்பளம் படம் வெளிவருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். அடி விழுவது நம் சகோதரி மேல். காட்சி நின்றால் கூலி போவது, டிக்கெட் கிழிப்பவனுக்கும் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பவனுக்கும் கொட்டகை கூட்டும் அம்மாவுக்கும்தான். துப்புரவுத் தொழிலாளியின் மானத்துக்காகக் கிளம்பி, துப்புரவுத் தொழிலாளியின் ஒருநாள் கூலியைப் பறித்து வருவதா?

'கலை வேறு, அரசியல் வேறு' என்று சொல்லி நழுவுகிற கட்சியும் நாமல்ல. அண்ணாவும் கலைஞரும் எம்.ஜி.ஆரும் சினிமாவை ஏணியாக வைத்துக் கோட்டைக்கு ஏறிய நாட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. நடிகன் மேடையேறி அரசியல் பேசினால், அரசியல்வாதிக்குச் சொல்லுகிற பதிலை அவனுக்கும் சொல்ல வேண்டும். நம் சந்தாப் பணத்தில் மாலை வாங்கி, நம்மைக் கேலி செய்தவர் கழுத்தில் போடும் அவசியம் நமக்கில்லை. மேடை நம்முடையது. அதில் யார் ஏறலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் நம்முடையது. இது யாருடைய வாயையும் அடைப்பதாகாது. அவர் பேச ஊரெல்லாம் வேறு மேடைகள் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நடிகர் கட்சி மாறி ஓட்டுக் கேட்டிருந்தால் மட்டும் நான் இந்த முதல் பகுதியைக்கூட ஆதரித்திருக்கமாட்டேன். நம் உறுப்பினர்களே நான்கு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். வேறு கட்சி என்பது குற்றமல்ல. உழைக்கிறவனை இழிவு செய்வது குற்றம். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால், நாளை ஒவ்வொரு பொங்கலுக்கும் பாட்டுக்காரரின் கட்சிச் சீட்டைப் பார்த்துத்தான் மைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நாம் முன்வைக்கும் திருத்தம்

பொதுக்குழுவில் இந்த ஏட்டின் சார்பில் நான் முன்வைக்கப்போகும் திருத்தம் இதுதான். பொங்கல் மேடைக்கு அவரை அழைப்பதில்லை. ஏன் அழைக்கவில்லை என்பதை அவருக்குக் கடிதமாக எழுதுவோம். துப்புரவு வேலை செய்யும் நம் உறுப்பினர்களே அதில் கையெழுத்துப் போடட்டும். பேசிய பேச்சுக்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. தெரிவித்தால் அடுத்த பொங்கலுக்கு அதே மேடையில் அவருக்கு நாற்காலி போடுவோம். அவருக்குச் சால்வை போர்த்துவது துடைப்பம் பிடித்த கையாகவே இருக்கட்டும். படத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் வீட்டு முடிவு. பார்க்க வேண்டாம் என்று நினைக்கிற இளைஞர்கள் துண்டறிக்கை போட்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம், வாதாடலாம். கொட்டகைப் பக்கம் சங்கத்தின் கொடி போகக் கூடாது.

டிக்கெட் வாங்காமல் மிச்சப்படுத்தும் காசு இருந்தால், நிரந்தரம் கேட்டுப் போராடும் தொழிலாளர்களின் நிதிக்குக் கொடுங்கள். ஒரு நடிகர் சிரித்ததை நிறுத்துவதைவிட, அவர் சிரித்த கோரிக்கையை ஜெயிப்பது பெரிய பதில்.

இளைஞர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோபம் குறைய வேண்டும் என்று இதை எழுதவில்லை. அது சரியான வாசலுக்குப் போக வேண்டும் என்றே எழுதினேன். என் கருத்தில் பிழை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல்லுங்கள். எதிர்த்துப் பேசுகிறவருக்கும் அதே பத்து நிமிஷம் உண்டு. பெண்கள் குடும்பத்தோடு அவசியம் வரவேண்டும். அவர்கள் வீட்டு டிவியைப் பற்றிய தீர்மானத்தை அவர்கள் இல்லாமல் நிறைவேற்றுவது முறையல்ல.

வாருங்கள், பேசுவோம்.